குளம் நிறைந்த பிறகுதான் மடை

சுத்தமல்லி அணைக்கட்டில் தாமிரபரணியை விட்டுப் பிரிகிறது நெல்லைக் கால்வாய். வழியெல்லாம் வயல்களுக்குப் பாய்ந்து, திருநெல்வேலி டவுனை ஒட்டிய நயினார்குளத்தை நிரப்பிவிட்டு அப்பால் போகிறது. அந்தக் கால்வாயில் தண்ணீர் ஒரே சீராக வந்ததாக எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். பாபநாசம் அணையில் திறக்கிற அளவு கூடும், குறையும். அமலைச் செடி வந்து அடைத்துக்கொள்ளும். மேல்மடைக்காரர் தன் வயலுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிக்கொள்வார். ஆனால் குளத்து மடைக்குக் கீழே, கதிர் பிடிக்கிற பருவத்தில் நிற்கும் பிசான நெல்லுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. வருவது தாறுமாறாக இருந்தாலும் பாய்வது சீராக இருந்தாக வேண்டும். அதற்காகத்தான் நடுவில் ஒரு குளம்.

இந்த அத்தியாயம் சிடி எழுதுவதைப் பற்றியது. அதைக் குளத்தில் தொடங்கக் காரணம் இருக்கிறது.

2000ஆம் ஆண்டை ஒட்டி, டவுனில் ரத வீதி ஒன்றில், மாடிப்படி அகலமே இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு என் கல்லூரி புராஜெக்ட்டைச் சிடியில் ஏற்றப் போயிருந்தேன். பென்டியம் கணினி, 32 எம்பி நினைவகம், விண்டோஸ் 98. நான்கு மடங்கு வேகத்தில் எழுதும் ரைட்டர் ஒன்று அதில் புதிதாக மாட்டியிருந்தது. கடைக்கார அண்ணாச்சி நீரோ மென்பொருளைத் திறந்து, என் கோப்புகளை இழுத்துப் போட்டு, பொத்தானை அழுத்திவிட்டு, "தம்பி, ரைட் ஆகி முடியுத வரைக்கும் மவுசத் தொட்டுராத" என்றார். நான் தொடவில்லை. இருந்தும் பாதி வழியில் 'பஃபர் அண்டர்ரன்' என்று திரையில் வந்தது. தட்டை வெளியே எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். இரண்டாவதும் அப்படியே போயிற்று. அன்றைக்கு ஒரு பிளாங்க் சிடியின் விலை எனக்கு ஒரு வேளை மதியச் சாப்பாடு. மூன்றாவதைப் பிரிப்பதற்கு முன் அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். "மொதல்ல இமேஜ் போட்டுருவோம். பொறவு அத ரைட் பண்ணுவோம்" என்றார். இருபது நிமிடத்துக்கு மேல் கூடுதலாக ஆயிற்று. தட்டு சுத்தமாக வந்தது.

அதே கணினி, அதே ரைட்டர், அதே கோப்புகள். இடையில் 'இமேஜ்' என்று ஒன்று வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. அந்த மாலையில் எனக்குப் பிடிபடாத காரணம் பல வருடங்கள் கழித்துத்தான் விளங்கியது. விளங்கியபோது கண்முன் வந்து நின்றது நயினார்குளம்.

எழுதும் தட்டில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். 12 செ.மீ. விட்டமும் 1.2 மி.மீ. தடிப்பும் கொண்ட பாலிகார்பனேட் தட்டு அது. அதன் உள்விளிம்பில் தொடங்கி வெளிவிளிம்பு வரை கொசுவத்திச் சுருள்போல ஒரே ஒரு தடம் ஓடுகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். சுருளை அவிழ்த்து நீட்டினால் 5 கி.மீ. தாண்டும். ஜங்ஷனில் கிளம்பி, சுலோசன முதலியார் பாலம் கடந்து, வண்ணார்பேட்டை வழியாகப் பாளை பஸ் நிலையம் வரை போகிற தூரத்துக்குக் குறையாது. எழுதக்கூடிய தட்டில் இந்தத் தடத்தின் மேல் ஒரு சாயப்பூச்சு இருக்கிறது. 780 நானோமீட்டர் அலைநீள லேசர், படிக்கும்போது 1 மில்லிவாட்டுக்கும் குறைந்த திறனில் மெதுவாகத் தொட்டுச் செல்கிறது. எழுதும்போது பல மடங்கு திறனோடு சாயத்தைச் சுட்டுத் தழும்பாக்குகிறது. 'பர்ன்' என்று சொல்வதும் தமிழில் 'எரித்தல்' என்று எழுதுவதும் உவமைக்காக இல்லை. அங்கே ஏதோ உண்மையாகவே சுடப்படுகிறது.

நான்கு மடங்கு வேகத்தில் லேசருக்கு அடியில் தடம் நொடிக்கு சுமார் 5 மீட்டர் ஓடுகிறது. நொடிக்கு 600 கிலோபைட் தரவை அது விழுங்கும். நடுவில் தரவு வராமல் நின்றால், விட்ட இடத்தை மைக்ரான் துல்லியத்தில் கண்டுபிடித்து மறுபடி தொடங்கும் திறமை அந்தக் காலத்து ரைட்டர்களுக்குக் கிடையாது. சுட்ட தழும்பை அழிக்கவும் முடியாது. ஒரு கணம் பட்டினி போட்டால் தட்டு முழுவதும் போயிற்று.

அதற்காக ரைட்டருக்குள்ளேயே ஒரு சிறு குளம் வைத்திருந்தார்கள். அதுதான் பஃபர். பல ரைட்டர்களில் 2 எம்பி. நொடிக்கு 600 கிலோபைட் வீதம் வடிந்தால் அது மூன்றரை நொடிகூடத் தாங்காது. அதற்குள் ஹார்டு டிஸ்க் அடுத்த தவணைத் தண்ணீரை அனுப்பியாக வேண்டும்.

ஹார்டு டிஸ்க்கால் அது முடியாதா என்று கேட்கலாம். பெரிய கோப்பு ஒன்றை வரிசையாகப் படிக்கச் சொன்னால் அன்றைய ஹார்டு டிஸ்க் நொடிக்குப் பல எம்பி தரும். தேவையைவிட அது அதிகம். என் புராஜெக்ட்டில் இருந்தவையோ நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள். ஒவ்வொரு கோப்புக்கும் படிக்கும் முனை முதலில் அட்டவணைக்கு ஓட வேண்டும், பிறகு கோப்பு இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும். கோப்பு துண்டுதுண்டாகக் கிடந்தால் இன்னொரு ஓட்டம். ஒரு ஓட்டத்துக்கு சுமார் 10 மில்லிநொடி. போய்ச் சேர்ந்த பிறகு, நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும் தட்டில் வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரும்வரை சராசரியாக இன்னொரு ஐந்தரை மில்லிநொடி காத்திருக்க வேண்டும். மூன்று ஓட்டம் என்றால் 45 மில்லிநொடிக்கு மேல். இத்தனை பாடுபட்டுக் கிடைப்பது 4 கிலோபைட் கோப்பு. நொடிக்கு இருபத்திரண்டு கோப்பு, ஏறத்தாழ 90 கிலோபைட். மடையில் 600 போகிறது, கால்வாயில் 90 வருகிறது. நான்காவது நொடியில் குளம் வற்றியது; அதுதான் 'பஃபர் அண்டர்ரன்'. மவுசைத் தொட்டதும் தொடாததும் இதில் சிறு விஷயம். ஸ்கிரீன் சேவர் ஓடினாலும், நினைவகம் போதாமல் விண்டோஸ் தன் பங்குக்கு ஹார்டு டிஸ்க்கைத் தட்டினாலும் நிலைமை இன்னும் மோசமாகும். அண்ணாச்சியின் எச்சரிக்கைக்கு அந்த அளவில் நியாயம் உண்டு.

இமேஜ் போடுவது என்பது அந்த ஓட்டங்களை எல்லாம் முன்கூட்டியே, அவசரம் இல்லாத நேரத்தில் ஓடி முடித்துவிடுவது. தட்டில் எந்தக் கோப்பு எங்கே உட்கார வேண்டுமோ அதே வரிசையில் எல்லாவற்றையும் அடுக்கி, 650 எம்பி வரை நீளும் ஒரே கோப்பாக ஹார்டு டிஸ்க்கில் எழுதி வைத்துவிடுவார்கள். எழுதும் நேரத்தில் முனை அங்குமிங்கும் ஓடாது. நேர்க்கால்வாயில் தண்ணீர் வருவதுபோல அந்த ஒரே கோப்பைத் தலையிலிருந்து வால்வரை படித்துக்கொண்டே போகும். குளத்தை முதலில் நிரப்பிக்கொண்டு மடையைத் திறக்கிற வேலைதான் இது.

ஆனாலும் பலர் இதைச் செய்யவில்லை. இடம் இல்லை என்பதுதான் காரணம். மொத்தமே 4 ஜிபி இருந்த ஹார்டு டிஸ்க்கில், தட்டு எழுதும் அரை மணி நேரத்துக்காக 650 எம்பி காலி வைத்திருப்பது பெரிய செலவு. நேராகக் கோப்புகளிலிருந்து எழுதும் வழியை நம்பித் தட்டுகளை வீணாக்கினார்கள். 2000ஆம் ஆண்டில் சான்யோ நிறுவனம் 'பர்ன்-புரூஃப்' என்ற நுட்பத்தைக் கொண்டுவந்தது. குளம் வற்றப்போகிறது என்று தெரிந்ததும் ரைட்டர் எழுதுவதை நிறுத்தி, இடத்தைக் குறித்துக்கொண்டு, தரவு வந்த பின் அதே இடத்தில் தொடர்ந்தது. மற்ற நிறுவனங்களும் தங்கள் பெயரில் இதையே செய்தன. பஃபர் அண்டர்ரன் சில வருடங்களில் மறந்துபோன சொல்லாயிற்று. இமேஜ் மட்டும் போகவில்லை. தட்டுகள் வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும் இந்நாளிலும் அது இருக்கிறது. ஏன் இருக்கிறது என்பதில்தான் எனக்கு இந்த விஷயத்தின் மேல் பிரியம்.

*

உ.வே. சாமிநாதையரின் பத்துப்பாட்டுப் பதிப்பு 1889இல் வந்தது. அதற்கு ஏடு தேடி அவர் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்து, தாமிரபரணிக் கரையின் கவிராயர் வீடுகளில் சுவடிக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தார். சுவடியைப் பிரதி எடுப்பதில் இரண்டு விதம் உண்டு. பாட்டை மட்டும் புதிய ஓலையில் பெயர்த்து எழுதலாம். பாட்டு வந்துவிடும். ஆனால் பழைய கட்டில் எந்த ஏட்டுக்குப் பின் எந்த ஏடு இருந்தது, எங்கே ஒரு ஏடு காணாமல் போயிருந்தது, ஓரத்தில் யார் என்ன குறித்திருந்தார், எது வெற்றேடு என்பதெல்லாம் வராது. இரண்டாவது விதம், ஏட்டுக்கு ஏடு படம் பிடிப்பது. அப்போது வெற்றேடும் வரும், கயிறு கோத்த துளையும் வரும்.

சிடியைத் திறந்து உள்ளே இருக்கும் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து நகலெடுப்பது முதல் விதம். இமேஜ் எடுப்பது இரண்டாவது. தமிழில் இதைப் 'படிமம்' என்கிறோம். நல்ல சொல். தட்டில் உள்ள பொருள்களின் நகலை அந்தச் சொல் குறிப்பதில்லை. பிளாஸ்டிக்கைக் கழித்துவிட்ட தட்டையே குறிக்கிறது.

உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறது என்று பார்த்தால் இது தெளிவாகும். தரவுச் சிடியின் தடம் 'செக்டர்' எனப்படும் சம அறைகளாகப் பிரிந்திருக்கிறது. பாட்டுச் சிடியின் வழக்கப்படி ஒரு நொடிக்கு 75 அறைகள். அறைக்கு 2,352 பைட். இதில் நம் தரவுக்குக் கிடைப்பது 2,048. மீதியில் அறையின் தொடக்கக் குறி, முகவரி, பிழை காட்டும் எண், பிழை திருத்தும் 276 பைட் ஆகியவை உட்கார்ந்திருக்கின்றன. 74 நிமிடத் தட்டில் 3,33,000 அறைகள், 80 நிமிடத் தட்டில் 3,60,000. அதை 2,048ஆல் பெருக்கினால் வருவது 73,72,80,000 பைட். உறையில் '700 எம்பி' என்று அச்சடித்திருப்பது இதைத்தான்.

ஐசோ வகைப் படிமம் இந்த அறைகளின் 2,048 பைட்டை மட்டும் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக வைத்த கோப்பு. சுருக்கமில்லை, மாயமில்லை. 16ஆம் அறை வேண்டுமா? 16ஐ 2,048ஆல் பெருக்கி, கோப்பில் 32,768 பைட் தள்ளிப் படித்தால் போதும். அந்த 16ஆம் அறைக்குத் தனிச் சிறப்பு உண்டு. அதற்கு முந்தைய பதினாறு அறைகளும் தரநிலையின்படி ஒதுக்கிவைத்த இடம். 16ஆம் அறையில் ஒரு பைட்டை விட்டுவிட்டு அடுத்த ஐந்தைப் பார்த்தால் 'சிடி001' என்று ரோமன் எழுத்திலும் எண்ணிலும் எழுதியிருக்கும். இது எந்த மரபில் எழுதிய தட்டு என்று சொல்லும் பிள்ளையார்சுழி அது.

இந்த மரபு பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1985இல் அமெரிக்காவின் டாஹோ ஏரிக்கரையில், ஹை சியரா என்ற ஓட்டலில் பல நிறுவனங்களின் பொறியாளர்கள் கூடினார்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் சிடியை அடுக்கினால் ஒருவர் தட்டை இன்னொருவர் கணினி படிக்காது என்பது அவர்களின் கவலை. அந்தக் குழு முன்வைத்த ஏற்பாடு சிறு மாற்றங்களோடு 1988இல் ஐஎஸ்ஓ 9660 என்ற உலகத் தரநிலையாயிற்று. 'ஐசோ கோப்பு' என்று நாம் சொல்வது அந்தப் பெயரிலிருந்து வந்தது.

அதில் ஒரு நுணுக்கம் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது. இன்டெல் கணினிகள் எண்ணின் சிறிய பகுதியை முதலில் எழுதும். மோட்டோரோலா சில்லு வைத்த மேக் போன்றவை பெரிய பகுதியை முதலில் எழுதும். யார் வழக்கப்படி எழுதுவது? தரநிலையை எழுதியவர்கள் இரண்டு வழியிலும் எழுதச் சொன்னார்கள். அறையின் அளவான 2,048 என்ற எண், பதினாறடிமான எண்முறையில் 00 08 என்று ஒருமுறையும் 08 00 என்று மறுமுறையும் அடுத்தடுத்து வருகிறது. சேர்த்தால் 00 08 08 00. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்று. திருஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்று நம்மிடம் இருப்பதால், தமிழ் வாசகருக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. இரண்டு வகைக் கணினிக்காரரும் குறையின்றிப் படிக்க வேண்டும் என்று, எண்ணுக்கு எண் இரட்டை இடம் செலவழித்தார்கள். பொதுநலம் கருதிய பொறியியல் என்று இதைத்தான் சொல்வேன்.

பெயர் விஷயத்தில் அவ்வளவு தாராளம் இல்லை. தரநிலையின் முதல் படியில் கோப்பின் பெயருக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தில் எட்டு எழுத்து, வால்பெயருக்கு மூன்று. தமிழுக்கு இடமே இல்லை. 1995இல் மைக்ரோசாஃப்ட் சேர்த்த 'ஜோலியட்' என்ற நீட்சிதான் யுனிகோடு எழுத்துகளில் 64 இடம் கொடுத்தது. அதிலும் 'திருநெல்வேலி' என்று பெயர் வைத்தால் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, கணினியின் கணக்கில் பன்னிரண்டு. அடிப்படை எழுத்துக்கு ஒரு இடம், உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ இன்னொரு இடம்.

*

தட்டே இல்லாமல் தட்டை எப்படி ஓட்டுகிறார்கள் என்பது இனி எளிதில் விளங்கும். கணினி சிடியைக் கண்ணால் பார்ப்பதில்லை. "16ஆம் அறையைக் கொடு", "19ஆம் அறையைக் கொடு" என்று டிரைவிடம் கேட்கிறது. வந்த 2,048 பைட்டை வாங்கிக்கொள்கிறது. கேள்விக்குப் பதில் சொல்வது சுழலும் தட்டா, ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும் கோப்பா என்பது கேட்பவருக்குத் தெரியாது. ஆகவே, டிரைவைப்போல நடிக்கும் சிறு மென்பொருளை நடுவில் வைத்தால், படிமக் கோப்பே தட்டாகிவிடும். டீமன் டூல்ஸ் போன்ற மென்பொருள்கள் இதைத்தான் செய்தன. லினக்ஸில் இந்த வசதி முன்பே உள்ளுக்குள் இருந்தது. விண்டோஸ் 7இல், 2009இல், படிமத்தைத் தட்டில் எழுதும் வசதி வந்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8இல் ஐசோ கோப்பை இரண்டு முறை தட்டினாலே தட்டாகத் திறந்துகொண்டது. தட்டு எழுதுவதற்கு முன்னாலேயே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வழியில்லை. எழுதிய பிறகு தவறு தெரிந்தால் ஒரு தட்டு போகும். எழுதுவதற்கு முன் தெரிந்தால் எதுவும் போகாது.

பழைய கணினிகளை உயிர்ப்பித்ததிலும் படிமத்துக்குப் பங்கு உண்டு. 1990களின் நடுப்பகுதிக்கு முந்தைய கணினிகளுக்கு ஃபிளாப்பியிலிருந்து கிளம்பத் தெரியும், சிடியிலிருந்து தெரியாது. 1995இல் ஐபிஎம்மும் ஃபீனிக்ஸும் 'எல் டொரிட்டோ' என்ற ஏற்பாட்டை வகுத்தன. கலிபோர்னியாவில் அவர்கள் உட்கார்ந்து பேசிய உணவகத்தின் பெயர் அது. அந்த ஏற்பாட்டில் 1.44 எம்பி ஃபிளாப்பியின் படிமம் ஒன்றைச் சிடிக்குள் வைத்துவிடலாம். இந்த ஏற்பாட்டை அறிந்த கணினி கிளம்பும்போது அந்தப் படிமத்தை உண்மையான ஃபிளாப்பி என்றே எடுத்துக்கொள்ளும். ஃபிளாப்பிக்குப் பழகிய இயந்திரத்துக்கு, தட்டுக்குள் இன்னொரு தட்டை வைத்துப் பாலம் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்த எல் டொரிட்டோ ஏற்பாட்டின் வழியாகத்தான் பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவர்கள் பலருடைய பழைய பென்டியம் கணினிகளுக்கு லினக்ஸ் வந்தது. 'லினக்ஸ் ஃபார் யூ' பத்திரிகையோடு வந்த தட்டு ஒரு வழி. 2004இலிருந்து 2011 வரை உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் தட்டுகளைக் கேனானிக்கல் நிறுவனம் கேட்பவர் வீட்டுக்கே தபாலில் இலவசமாக அனுப்பியது இன்னொரு வழி. சென்னை சி-டாக் 2007இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. தபாலில் வந்த ஒரு தட்டு விடுதியில் கைமாறி, படிமமாகி, பத்துத் தட்டாகித் திரும்பிப் போகும். கட்டற்ற மென்பொருள் என்பதால் அதில் சட்டச் சிக்கல் ஏதுமில்லை. கொடுக்கக் கொடுக்கப் பெருகட்டும் என்று எழுதியவர்களே விரும்பிய பொருள் அது.

இணையத்திலிருந்து இறக்குவதற்கு அன்றைக்குப் பொறுமை வேண்டியிருந்தது. டயல்-அப் இணைப்பில் நொடிக்கு 5 கிலோபைட் வந்தால் 700 எம்பிக்கு ஏறத்தாழ 40 மணி நேரம். பிஎஸ்என்எல் பிராட்பேண்டு 2005இல் வந்தபின் நிலைமை மாறியது. அதன் சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவதற்குக் கணக்கு வைக்கப்படவில்லை. நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தில் அந்த ஆறு மணி நேரத்துக்கு வருவது 69 கோடி பைட் சொச்சம். ஏறக்குறைய ஒரு சிடி. ஒன்றே முக்காலுக்கு அலாரம் வைத்து எழுந்து, இறக்கத்தைத் தொடங்கிவிட்டுத் தூங்கப் போன இரவுகள் எனக்கு நிறைய உண்டு. காலையில் முதல் வேலை எம்டி5 எண்ணைச் சரிபார்ப்பது. கோப்பு முழுவதையும் கணக்கிட்டு வரும் 32 குறிகள், வெளியிட்டவர் கொடுத்த 32 குறிகளோடு ஒத்துப்போக வேண்டும். எழுபது கோடி பைட்டில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். ஒத்துப்போனது என்றால், எங்கோ ஒரு நாட்டில் உருவான தட்டும் நெல்லையில் என் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் தட்டும் எள்ளளவும் வேறுபடவில்லை என்று பொருள். கோப்புகளைத் தனித்தனியாக நகலெடுப்பவருக்கு அவ்வளவு எளிதில் இந்த உறுதி கிடைப்பதில்லை.

*

படிமத்தை நம்பி ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. அது நம் ஊர்க் கல்யாண வீட்டில் இருக்கிறது.

2000களில் கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எல்லாம் விசிடியில்தான் வந்தன. ஒரு கல்யாணத்துக்கு மூன்று தட்டு, நான்கு தட்டு. 1993இல் வகுத்த விசிடி முறை, அறைக்குள் 2,048 பைட்டோடு நிற்பதில்லை. படத்தில் ஒரு புள்ளி தவறினால் குடி முழுகாது என்பதால், பிழை திருத்தும் 276 பைட்டையும் படத்துக்கே கொடுத்து, அறைக்கு 2,324 பைட்டாக நிரப்பிவிடுகிறது. 700 எம்பி என்று எழுதிய தட்டில் 800 எம்பிக்கு நெருங்கிய படம் எப்படி ஏறியது என்று ஸ்டுடியோக்காரர்கள் வியந்ததற்கு விடை இதுதான். இப்படிப்பட்ட தட்டுக்கு அறைக்கு 2,048 பைட் மட்டும் எடுக்கும் ஐசோ படிமம் உதவாது. 2,352 பைட்டையும் அப்படியே அள்ளும் 'பின்' கோப்பும், எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சிறிய 'கியூ' கோப்பும் சேர்ந்த ஜோடி வேண்டும். பாட்டுச் சிடிக்கும் அப்படியே. ஐசோ எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தட்டைத் தூக்கிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு திறந்தால் ஒன்றும் இராது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவாயிற்று. தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டம் தீவாகிப்போனது. அங்கே என் பெரியம்மா வீட்டில் பீரோவின் பாதி வரை தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு சேறு வழித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா ஒரு பிளாஸ்டிக் பையை என்னிடம் கொடுத்தாள். உள்ளே விசிடிகளும் சில தரவுத் தட்டுகளும். "ஐயா, மத்ததெல்லாம் போனாப் போகுது. ஒங்க பெரியப்பா பாடினது மட்டும் இருக்கான்னு பாரு." பெரியப்பா வில்லுப்பாட்டில் இடத்தே பாடியவர். ஊர்க் கொடையில் அவர் பாடிய கடைசி வருடத்தைப் படம்பிடித்திருந்தார்கள்.

தண்ணீரால் பாலிகார்பனேட்டுக்கு உடனே ஒன்றும் ஆகாது. ஆபத்து மேல்புறத்தில், பெயர் எழுதும் பக்கத்தில் இருக்கிறது. ஒளியைத் திருப்பும் உலோகப்படலம் அந்தப் பக்கத்தில் மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. ஈரத்தில் ஊறிய காகித ஸ்டிக்கரை இழுத்தால் படலமும் சேர்ந்து உரிந்து வரும். ஆகவே ஸ்டிக்கரைத் தொடவே இல்லை. கீழ்ப்புறத்துச் சேற்றை நல்ல தண்ணீரில் அலசி, மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தடத்தின் குறுக்கே விழும் கீறலைச் சிடி சமாளித்துவிடும். பக்கத்துப் பக்கத்துப் பைட்டுகளை அது ஒரே இடத்தில் வைப்பதில்லை. தடத்தில் தள்ளித் தள்ளிப் பரப்பி வைத்திருக்கிறது. தடத்தில் இரண்டரை மி.மீ. நீளம் வரை தொடர்ச்சியாக அழிந்துபோனாலும், அழிந்தவை பல இடங்களுக்கு உரிய சிறு சிறு துண்டுகள் என்பதால் மிச்சத்தை வைத்துக் கணக்குப் போட்டு மீட்டுவிடும். ஆனால் தடத்தோடு சேர்ந்து வட்டமாக ஓடும் கீறல் அந்த இரண்டரை மி.மீட்டரைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

தரவுத் தட்டுகளுக்கு டிடிரெஸ்க்யூ என்ற கருவியை ஓட்டினேன். அது முதலில் நன்றாக இருக்கும் அறைகளை எல்லாம் வேகமாக அள்ளிக்கொள்ளும். தகராறு செய்யும் அறைகளைக் குறித்துவைத்து, பிறகு நிதானமாகத் திரும்பிவரும். விசிடிகளைச் சிடிஆர்டிஏஓ மூலம் 2,352 பைட்டோடு அப்படியே எடுத்தேன். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படித்தது. வேகத்தைக் குறைத்தால் சில அறைகள் இறங்கி வந்தன. பெரியப்பாவின் தட்டில் உள்பக்கம் முழுதும் வந்துவிட்டது. வெளிவிளிம்பில் மேல்பூச்சு பெயர்ந்திருந்தது. சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது. விளிம்பில் பட்ட அடி முடிவைத்தான் தின்னும். கொடையின் கடைசி நான்கு நிமிடம் போயிற்று. மற்றது இருக்கிறது. அவர் குரல் இருக்கிறது. பெரியம்மா அதைப் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு ஊரில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு பை இருந்திருக்கும். வெள்ளம் வராத வீடுகளிலும் சாயப்பூச்சு வெயிலிலும் வெக்கையிலும் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டிருக்கிறது. புதிய மடிக்கணினிகளில் சிடி டிரைவ் வருவதில்லை. எழுதி இருபது வருடம் தாண்டிய தட்டுகளுக்கு இனி நிறைய அவகாசம் இல்லை.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது யூஎஸ்பியில் மாட்டும் சிடி டிரைவ் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். கடையில் கேட்டால் கிடைக்கும். தரவுத் தட்டுகளை ஐசோவாகவும், விசிடிகளையும் பாட்டுத் தட்டுகளையும் பின், கியூ ஜோடியாகவும் எடுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டையும் யாருடைய வீட்டு விசேஷம் என்பதையும் எழுதுங்கள். எம்டி5 எண்ணைப் பக்கத்திலேயே குறித்துவைத்து, இரண்டு வெவ்வேறு வீடுகளில் பத்திரப்படுத்துங்கள். பீரோவின் கீழ்த்தட்டில் இருப்பவற்றை முதலில் எடுங்கள்.